தண்டச் சீட்டைக் கட்டுவதா, கோடேறுவதா?

சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு கிழமை இருந்தது. டியூசன் முடிந்து நின்ற அக்காவின் மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். என் தலையில் ஹெல்மெட் இருந்தது, அவன் தலையில் இல்லை. வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். போக்குவரத்துப் பொலிஸார் மறித்தார்கள். பத்து நிமிடத்தில் என் லைசன்ஸ் அவர்கள் கையில், ஒரு சீட்டு என் கையில்.

பிழை என்னுடையது. அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சீட்டை நான் நடத்திய விதம்தான் ஆயிரம் ரூபாவில் முடிய வேண்டியதை நீதிமன்றம்வரை கொண்டுபோனது. கார்பன் தாளின் அடிப்பிரதி அது. நீல எழுத்து பாதி பதிந்தும் பாதி பதியாமலும் இருந்தது. கையால் எழுதிய பகுதி முழுவதும் சிங்களம். எனக்கு விளங்கியது வண்டி இலக்கமும் திகதியும் 1000 என்ற தொகையும்தான். ஃபிரிட்ஜுக்கு மேல் கரண்ட் பில்லுக்கு அடியில் வைத்தேன். அந்தக் கிழமையே அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் சீட்டை மறந்தே போனேன். திரும்ப அது கையில் பட்டபோது 33 நாள் கடந்திருந்தது. பக்கத்து வீட்டு அண்ணை ஓய்வுபெற்ற தபால் ஊழியர். சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை இனித் தபால் கந்தோரில வாங்க மாட்டாங்கள். நீ கோட்டுக்குத்தான் போகவேணும்" என்றார்.

அந்த 33 நாளில் எனக்கு எத்தனை வழி திறந்திருந்தது என்பதை நான் நீதிமன்ற வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அது சீட்டு கைக்கு வரும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொலிஸ் மறித்து எழுதுவதெல்லாம் ஒரே மாதிரியானது அல்ல. பின்னால் இருப்பவருக்கு ஹெல்மெட் இல்லாதது, சீட் பெல்ட் போடாதது, லைசன்ஸைக் கையில் கொண்டுவராதது போன்றவற்றுக்கு அந்த இடத்திலேயே தண்டச் சீட்டு எழுதலாம். இதைத்தான் எல்லாரும் ஸ்பொட் பைன் என்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பின்னாளில் வந்த திருத்தங்களில் சேர்ந்த ஏற்பாடு இது. குடித்துவிட்டு ஓட்டுவது, லைசன்ஸே எடுக்காமல் ஓட்டுவது, காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது ஆகியவை அப்படியல்ல. அவை நேரே நீதவான் நீதிமன்றம் போகும். அங்கே தண்டப்பணம் 25,000 ரூபாவில்தான் தொடங்கும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கையில் இருப்பது தபாலகத்தில் கட்டக்கூடிய சீட்டா அல்லது தவணை (வழக்குக் கூப்பிடும் நாள்) போட்ட நீதிமன்ற அறிவித்தலா என்று பார்ப்பது. சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் அன்றைக்கே தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. எழுதும்போதே, "தமிழில் எழுதித் தாங்கோ, அல்லது என்ன எழுதியிருக்கிறீங்கள் என்று சொல்லுங்கோ" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 14 நாள் என்ற சொல் என் காதில் விழுந்திருக்கும்.

அந்த 14 நாள்தான் முதலாவது வழி. சீட்டில் உள்ள தொகையை 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி, லைசன்ஸை வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அந்தச் சீட்டுத்தான் உங்கள் தற்காலிக அனுமதிப்பத்திரம். வண்டி ஓட்டும்போது அது கையில் இருக்க வேண்டும். 14 நாள் முடிந்ததும் அந்தத் தகுதியும் போய்விடும். கட்டி முடித்துவிட்டால் அதே குற்றத்துக்கு உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. நீங்கள் எந்த நீதவானின் முன்னும் குற்றவாளியாக நிற்கவும் இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்று எடுக்க நிற்பவர்களுக்கு இது சின்ன விடயம் இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் கட்டார் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். 2025 முதல், அரசாங்கக் கட்டணங்களை இணையத்தில் கட்டும் கோவ்பே வழியாகக் கைபேசியிலேயே கட்டும் முறையையும் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். சீட்டு எழுதும் அலுவலரிடம் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அங்கேயே கட்டிவிட்டு லைசன்ஸோடு வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது வழி, பிந்திக் கட்டுவது. 14 நாள் தாண்டினால் அடுத்த 14 நாளுக்குள், அதாவது 28ஆம் நாள் முடியுமுன், இரட்டிப்பாகக் கட்டலாம். ஆயிரம் இரண்டாயிரமாகும். இதை ஒரு தெரிவாக யாரும் எடுப்பதில்லை, காசு இல்லாதவர்கள் இதற்குள் தள்ளப்படுகிறார்கள். ஆனாலும் ஒன்று சொல்வேன்: 20ஆம் நாளில் சீட்டு கையில் பட்டால், இரட்டிப்பா என்று கோபப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். கடன் வாங்கியாவது கட்டிவிடுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவரின் நாட்கூலி 3,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 28 நாள் கடந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் தவணை நாளில் காலையிலேயே போய் நிற்க வேண்டும். பெயர் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. அன்றைய கூலி போய்விடும். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரே நாளில் முடித்தாலும் 3,000, அதற்கு மேல் நீதவான் விதிக்கும் தண்டம். மறுத்து வழக்காடினால் குறைந்தது மூன்று, நான்கு தவணை. கூலியில் மட்டும் 12,000 ரூபா போகும். சட்டத்தரணி ஒவ்வொரு தவணைக்கும் வாங்கும் கட்டணம் வேறு. ஆயிரம் ரூபாத் தண்டத்துக்கு முன்னால் இதை வைத்துப் பாருங்கள். பிழை செய்ததை மனமறிந்தவர் கோடேறுவது, வேலியால் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதைதான்.

வீதியிலேயே "பார்த்துக்" கொடுத்து முடிக்கிற வழியைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அதை நான் ஒரு தெரிவாகவே எடுக்க மாட்டேன். கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. ஹெல்மெட் போடாத சின்னப் பிழை, இலஞ்சம் கொடுத்த பெரிய குற்றமாக மாறும். யாராவது உங்களிடம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது.

சரி, பிழையே செய்யவில்லை என்றால்? அப்போது கணக்கு மாறுகிறது. சீட்டைக் கட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைப் பிடித்துத் தள்ளவில்லை. கட்டாமல் விட்டால் வழக்கு நீதிமன்றம் போகும், அங்கே நீங்கள் சுற்றவாளி, அதாவது குற்றம் செய்யாதவர், என்று சொல்லலாம். என் நண்பர் ஒருவர் மூதூரில் இருந்து பட்டணத்துக்கு வேலைக்கு வருபவர். சமிக்ஞையை மீறியதாக எழுதினார்கள். அந்த நேரம் தன் வண்டி வேறு பாதையில் நின்றது என்பதற்கு ஒரு கடையின் கமராப் பதிவு அவரிடம் இருந்தது. அவர் வழக்காடினார். நான்கு தவணைக்குப் பிறகு விடுவித்தார்கள். அவருக்கு அது சரியான முடிவு, ஏனென்றால் அவர் கையில் சான்று இருந்தது, அவருடைய தொழிலே லைசன்ஸை நம்பியது. இந்த இரண்டும் இல்லாதவர், வாய்ச்சொல்லுக்கு எதிர் வாய்ச்சொல் என்ற நிலையில் நிற்பவர், மனநியாயத்துக்காக மட்டும் வழக்காடப் போகிறார் என்றால் அதையும் நான் மதிக்கிறேன். ஆனால் எத்தனை நாள் வேலையை விட முடியும் என்பதை முதலே வீட்டில் பேசிவிட்டுப் போகட்டும். எழுதிய பொலிஸ் அலுவலர் இடமாற்றமாகிப் போயிருந்தால் சாட்சிக்கு அவர் வரும்வரை தவணை தள்ளிக்கொண்டே போகும்.

எந்த நீதிமன்றம் என்பதையும் கவனித்துப் பார்க்க வேண்டும். சம்பவம் எங்கே நடந்ததோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றம்தான். மூதூருக்கும் கந்தளாய்க்கும் தனித்தனி நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. தம்பலகாமத்தில் குடியிருப்பவர் கந்தளாய்ப் பக்கம் மாட்டியிருந்தால் திருகோணமலை நீதிமன்ற வளாகத்தில் வந்து நின்று ஒரு நாளை வீணாக்கக் கூடாது.

இனி, 28 நாளும் போய்விட்டது, வழக்கு வந்துவிட்டது, பிழையும் நம்முடையது என்ற நிலை. என் நிலை இதுதான். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் அதிகமானவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

முதலில், போகாமல் இருப்பது ஒரு வழியே இல்லை. தவணைக்குப் போகாவிட்டால் நீதவான் பிடியாணை பிறப்பிப்பார். ஹெல்மெட்டுக்கு எழுதிய வழக்கில் பிடியாணை என்றால் சிரிக்கத் தோன்றும். ஆனால் அடுத்த தடவை ஏதோ ஒரு சோதனைச் சாவடியில் உங்கள் அடையாள அட்டையைப் பார்க்கும்போது அந்தப் பிடியாணைதான் முதலில் வரும். அப்படி ஆகிவிட்டிருந்தாலும் பயந்து ஒளியாதீர்கள். சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் (வழக்கை எடுக்கும்படி கேட்கும் விண்ணப்பம்) போட்டு நீங்களாகவே நீதிமன்றத்தில் ஆஜராகலாம். பொலிஸ் வந்து பிடித்துப்போவதற்கும், தானாகப் போய் நிற்பதற்கும் நீதவானின் பார்வையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

தவணை நாள் காலை நான் எட்டரைக்கே போய்விட்டேன். வளாகத்துக்கு வெளியே மதில் ஓரம் இரண்டு புள்ளிமான்கள் வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றன. திருகோணமலையில் கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்களைக் காண்பது புதினமில்லை, ஆனாலும் அன்றைக்கு அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நெஞ்சின் படபடப்புக் கொஞ்சம் குறைந்தது. உள்ளே வாங்கு நிறைய ஆட்கள். வாசலில் கைபேசியை நிறுத்தச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் மீன்பிடிக்காரர், காப்புறுதி முடிந்து ஒன்பது நாளான மோட்டார் சைக்கிளோடு பிடிபட்டவர். அவர் கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் நூறு ரூபாவும் ஐநூறு ரூபாவுமாக 25,000. மனைவியின் காப்பை அடகு வைத்தது என்றார். அந்தப் பையை அவர் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவரிடம் யாரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி, தண்டப்பணத்தைக் கட்ட நீதவான் அவகாசம் கொடுக்கலாம், தவணை முறையில் கட்டவும் அனுமதிக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். எழுந்து நின்று, "ஐயா, நான் நாட்கூலிக்குத் தொழில் செய்கிறேன், ஒரே தடவையில் கட்ட வசதியில்லை, தவணை முறையில் கட்ட அனுமதி தாருங்கள்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் இருந்தால், பணம் கட்டி முடியும்வரை உங்களை வெளியே விடமாட்டார்கள். கட்டவே முடியாமல் போனால் தண்டத்துக்குப் பதிலாகச் சிறை. இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுப் போகிறவர்களில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாததால்தான் போகிறார்கள். களவும் கொலையும் செய்தவர்களோடு ஹெல்மெட் வழக்குக்காரரும் ஒரே கூரைக்குக் கீழ் படுப்பது எனக்கு நெஞ்சை அறுக்கிற விடயம். அப்படி உள்ளே போனவரின் மிச்சத் தொகையை உறவினர்கள் பிறகு கட்டினாலும் அவர் வெளியே வரலாம் என்பதையும் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சிறைக்குப் பதிலாகச் சமுதாயச் சேவைக் கட்டளை பிறப்பிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி, வாசிப்பது விளங்காமலே "குற்றவாளி" என்று சொல்லிவிட்டு இறங்குவது. மற்றது, குற்றப்பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு விளங்கிக்கொண்டு, ஒப்புக்கொண்டு, பிறகு நிலைமையைச் சொல்வது. முதலாவதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு எழுதியது ஹெல்மெட், வாசிப்பது வேறு குற்றமாக இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பு செய்யும் முதலியார் இருக்கிறார். அவரைக் கொண்டு திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். இதில் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டு தீர்ப்பு ஆன பிறகு மேன்முறையீடு செய்வதற்கான கதவு கிட்டத்தட்ட மூடிவிடும்.

நிலைமையைச் சொல்லும்போது காகிதத்தோடு சொல்லுங்கள். நான் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கிளினிக் புத்தகத்தையும் அனுமதிச் சீட்டையும் கொண்டுபோயிருந்தேன். சீட்டு எழுதிய திகதியும் அப்பா அனுமதிக்கப்பட்ட திகதியும் நான்கு நாள் இடைவெளியில் இருந்தன. நீதவான் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். முன் குற்றம் இருக்கிறதா என்று பொலிஸிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின்படி, குற்றம் சின்னது, ஆள் முன்னர் குற்றம் செய்யாதவர் என்று கண்டால், குற்றவாளி என்று தீர்க்காமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடவும் நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. என் வழக்கில் அப்படி நடக்கவில்லை. தண்டம் விதித்தார், எச்சரித்தும் அனுப்பினார். அது சீட்டிலிருந்த ஆயிரத்தின் பல மடங்கு. ஆனாலும் அந்த 306ஐப் பற்றி முன்னரே தெரிந்திருந்தால், சட்டத்தரணி ஒருவரை வைத்துக் கேட்டிருப்பேன்.

ஆகவே சட்டத்தரணி தேவையா என்ற கேள்விக்கு என் பதில் இது. ஸ்பொட் பைன் வகைக் குற்றம், பிழை நம்முடையது, முன் வழக்கு எதுவும் இல்லை, வெளிநாட்டுப் பயணமோ அரசாங்க வேலையோ முன்னால் இல்லை என்றால், தனியாகவே போகலாம். இவற்றில் ஒன்று மாறினாலும், குறிப்பாக 25,000 ரூபாவில் தொடங்கும் குற்றம் என்றால், ஒரு சட்டத்தரணியிடம் முதல் நாளே போய்க் கேளுங்கள். கட்டணத்துக்கு வழியில்லாதவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைக் காட்டும் காகிதத்தோடு தவணைக்கு ஒரு கிழமைக்கு முன்னராவது போக வேண்டும். தவணை நாள் காலையில் போய் நின்றால் அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது. வளாகத்து வாசலில் நின்று "நான் முடிச்சுத் தாறன்" என்று கையை நீட்டும் தரகர்களிடம் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

வழக்காடித் தோற்றவருக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. தீர்ப்பு அல்லது தண்டம் சட்டத்துக்கு மாறாக இருக்கிறது என்று நினைத்தால், 14 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்திலேயே மேன்முறையீட்டு மனுவைக் கொடுக்க வேண்டும். அது மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும், திருகோணமலையிலேயே அது இருக்கிறது. சின்னத் தண்டங்களுக்கு இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். லைசன்ஸை இரத்துச் செய்துவிட்டார்கள், அதுதான் சோறு என்றால் மட்டும், தீர்ப்பின் பிரதியை அன்றைக்கே பதிவாளர் பகுதியில் கேட்டு எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் ஓடுங்கள்.

தண்டம் கட்டியதும் நீதிமன்றம் தந்த பற்றுச்சீட்டை நான் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன். லைசன்ஸை எடுக்கப் போன இடத்தில் பொலிஸ் நிலையப் பொறுப்பாளர் அந்தப் பற்றுச்சீட்டின் இலக்கத்தைப் பார்த்து, இறப்பர் வளையம் போட்ட ஒரு கட்டிலிருந்து என்னுடையதை உருவி எடுத்தார். அந்தக் கட்டில் எத்தனையோ லைசன்ஸ்கள் இருந்தன. திரும்பி வரும் வழியில் அக்காவின் மகனுக்கு அளவான ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். இப்போது அது ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், அந்தச் சீட்டு மறந்து கிடந்த இடத்துக்கு நேர் கீழே, ஆணியில் தொங்குகிறது.